விரைவாட்டத்துக்கு ஏற்ற சதுரங்க மணிக்கூடு

பிள்ளைகளைச் சதுரங்கக் கழகத்திற் சேர்த்த பெற்றோர் எம்மிடம் அடிக்கடி வினவுவது ஒன்றுண்டு. "பலகையும் காய்களும் வாங்கிவிட்டோம், எந்த மணிக்கூட்டை வாங்குவது?" என்பதே அது. பலகை பழுதுற்றால் ஆட்டத்தின் அழகு குன்றும். மணிக்கூடு பழுதுற்றாலோ ஆட்டத்தின் நீதியே குன்றும். வெல்லும் நிலையிலிருந்த பிள்ளை, பொத்தான் சரியாக அமரவில்லை என்ற ஒரே காரணத்தால் நேரமிழந்து தோற்பானாயின், அத்தோல்வியை எந்த நூலைப் படித்தும் அவன் திருத்திக்கொள்ள இயலாது. ஆதலின் இவ்வாரம் இப்பொருள் குறித்துச் சிறிது ஆராய்வோம்.

சதுரங்கத்துக்கு நேர வரம்பு பிற்காலத்தில் வந்ததாகும். 1861 ஆம் ஆண்டில் அண்டர்சனும் கோலிஷும் ஆடிய போட்டியில் மணற்கடிகைகளே நேரங் காட்டின. 1883 இல் இலண்டனில் நடந்த போட்டியிலே, மஞ்செஸ்ரர் நகரத்து வில்சன் என்பார் அமைத்த பொறி பயன்பட்டது. ஒரு சட்டத்தின் இரு முனைகளிலும் இரு மணிக்கூடுகள். ஒன்று நிற்க மற்றது ஓடும். பின்வந்த காலத்திலே, சாவி கொடுத்து ஓட்டும் மணிக்கூடுகள் அரங்கை ஆண்டன. கிழக்கு ஜேர்மனியின் றூலா நகரிற் செய்யப்பட்ட 'கார்டே' மணிக்கூடு அவற்றுள் உறுதிக்குப் பேர்பெற்றது.

அத்தகைய பழைய மணிக்கூடொன்று வீட்டில் இருப்பின் அதனைப் போற்றிக் காப்பது நன்றே. எனினும் விரைவாட்டத்துக்கு அது பொருந்தாது என்பதே எமது கருத்து. முதலாவது, அதனுள் தனித்தனியான இரு இயந்திரங்கள் ஓடுகின்றன. ஒன்று சற்று முந்தவும் மற்றது பிந்தவும் கூடும். இரண்டாவது, நிமிட முள் தூக்கிய சிறு கொடி விழும்போதுதான் நேரம் முடிந்ததென அறிகிறோம். எஞ்சியவை இருபது விநாடிகளா முப்பதா என்று எவராலும் சொல்ல இயலாது. மூன்றாவது, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகளைக் கூட்டிக் கொடுக்கும் முறை அதற்குத் தெரியாது. அம்முறைக்கான மணிக்கூட்டுக்கு பொபி பிஷர் 1988 இல் காப்புரிமை கோரினார். 1992 இல் ஸ்பாஸ்கியுடன் மீண்டும் மோதியபோது அதனைப் பயன்படுத்தினார். இன்று உலக மின்னல் சதுரங்கப் போட்டியில் ஒருவருக்கு 3 நிமிடமும், நகர்த்தல் ஒவ்வொன்றுக்கும் 2 விநாடியும் வழங்கப்படுகின்றன. ஆகவே இலக்கங்களாற் காலங் காட்டும் மின்னணு மணிக்கூட்டையே நாடுதல் வேண்டும்.

இனி, உறுதி எதற்கு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஆட்டத்தில் ஒருவர் 40 முறை காய் நகர்த்தினால், இருவருமாக 80 முறை மணிக்கூட்டை அழுத்துவர். ஒரு சனிக்கிழமை 10 ஆட்டமாயின் 800. ஆண்டில் 50 சனிக்கிழமைகளாயின் 40,000. இறுதி விநாடிகளிலே இளையோர் அழுத்துவதில்லை, அடிக்கிறார்கள் என்பதையும் நினைவிற் கொள்க. கைத்தொலைபேசியிலும் சதுரங்க மணிக்கூட்டுச் செயலிகள் உண்டு. அவை வீட்டுப் பயிற்சிக்குப் போதுமாயினும், அதன் கண்ணாடி இவ்வடிகளைத் தாங்குதற்கென அமைந்ததன்று.

வாங்குவோர் முதலில் நோக்க வேண்டியது அழுத்தும் பகுதியையே. இருபுறமும் சாய்ந்தாடும் ஒரே துண்டான நெம்புகோல் சிறந்தது. எப்பக்கம் தாழ்ந்துள்ளது என்பதைக் கொண்டு, யாருடைய முறை என்பதைத் தொலைவிலிருந்தே அறியலாம். தனித்தனிப் பொத்தான்களாயின் அவை மெல்லிய தொடுகைக்கும் தவறாது இணங்குதல் வேண்டும். அடுத்து, அடிப்பாகம் அகன்றும் கனத்தும், கீழே இறப்பர்ப் பாதங்கள் கொண்டும் இருத்தல் நன்று. பற்றரி எங்கும் கிடைக்கும் வகையினதாய் இருக்கட்டும். இருவரில் எவர் நேரம் முன்னர் முடிந்தது என்பதைக் காட்டும் குறியும் இன்றியமையாதது. இருவர் நேரமும் முடிந்து, முந்தியது எதுவென அறிய முடியாவிடின், இத்தகைய ஆட்டம் சமநிலையாகிவிடும். வென்றவன் அரைப் புள்ளியை இழப்பான்.

கடையிலேயே சில சோதனைகள் செய்யலாம். இருபுறமும் 5 நிமிடம் வைத்து, விநாடி முள்ளுள்ள கைக்கடிகாரத்துடன் ஒப்பிடுக. நெம்புகோலின் ஓரத்தை ஒற்றை விரலால் மெல்ல அழுத்துக. பின்னர் இருபது முறை விரைந்து மாற்றி மாற்றி அழுத்துக. மணிக்கூட்டைச் சற்றே அசைத்தபோது இலக்கங்கள் மறைந்து தோன்றுமாயின், பற்றரியைத் தாங்கும் உலோகத் தகடு தளர்ந்தது எனக் கொண்டு அதனை விலக்குக. ஒல்லாந்து நாட்டு டீ.ஜீ.ரீ. நிறுவனத்தின் மணிக்கூடுகள் சர்வதேசப் போட்டிகளிற் பெரிதும் வழங்குவன. விலை சற்று அதிகம். மலிவானவற்றுள்ளும் நல்லன உண்டு. மேற்கூறிய சோதனைகளில் தேறினால் தயங்காது வாங்கலாம்.

எமது நாட்டின் ஈரக் காற்றும் கடலோரத்து உப்பும் உலோகத்துக்குப் பகை. நீண்ட விடுமுறை வருமுன் பற்றரிகளைக் கழற்றி வைத்தல் வேண்டும். மறந்து விட்ட பற்றரி கசிந்து உள்ளுறுப்புகளை அரித்துவிடும்.

இறுதியாக ஒன்று. மணிக்கூட்டின் ஆயுளிற் பாதி அதைச் செய்தவன் கையில்; மறுபாதி அதை ஆடுபவன் கையில். காய் நகர்த்திய கையாலேயே மணிக்கூட்டை அழுத்த வேண்டும் என்றும், வலிந்து அடித்தலும் அதனைத் தூக்குதலும் ஆகா என்றும் சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனத்தின் விதிகள் கூறுகின்றன, மீறுவோர் தண்டிக்கப்படலாம். நேரம் குறைகையிலும் கை பதறாதிருக்கப் பழகிய மாணவன், மணிக்கூட்டை மட்டுமன்றித் தன் ஆட்டத்தையும் காத்துக்கொள்கிறான். ஆதலின் பெற்றோரே, நல்ல மணிக்கூட்டை வாங்கிக் கொடுக்கும் அன்றே அதனை மெல்லத் தொடும் பழக்கத்தையும் பிள்ளைக்குக் கற்பியுங்கள்.