வேகத்திற்காகப் பூட்டைக் கழற்றாதீர்கள்!

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. பெரம்பலூரில் பிளஸ் டூ படித்தபோது எனக்கும் ஒன்று கிடைத்தது. 2 ஜிபி ராம் கொண்ட அந்த லேப்டாப்பில்தான் புரோகிராமிங் பழகினேன். வேலைக்குப் போனதும் அரியலூரில் கம்பிக் கடை வைத்திருக்கும் சித்தப்பாவிடம் அதைக் கொடுத்துவிட்டேன்.

சென்ற மாதம் போனபோது, "தம்பி, போன வாரந்தான் ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஃபார்மேட் பண்ணினேன். இப்ப நல்லா ஓடுது" என்றார். திறந்து பார்த்தேன். விண்டோஸ் 7-இன் திருட்டு காப்பி. ஆண்டி வைரஸ் இல்லை. ஃபயர்வால் ஆஃப். சித்தப்பா நெட் பேங்கிங் செய்வதும் அதில்தான்!

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் நமக்கு எரிச்சல் மட்டுமே. பாதுகாப்பு இல்லாமல் ஓடினால் பணமே போய்விடும். ஆனால் நம்மில் பலர் எரிச்சலைப் போக்கிக்கொள்ள முதலில் கழற்றுவது பாதுகாப்பைத்தான். கதவு இறுக்கமாக இருக்கிறது என்று பூட்டைக் கழற்றுவது போன்றது இது.

விண்டோஸ் 7-க்கான மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் தருவதாக அறிவித்தார்கள். அப்டேட்டில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? 2017 மே மாதம் வான்னகிரை வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் பேட்ச் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் அதைப் போடாதவர்கள்.

அப்படியானால் பழைய கம்ப்யூட்டரை வேகமாக்க என்ன வழி? நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் பில்களையும் போட்டோக்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். அடுத்து அடிப்பக்க மூடியைத் திறந்தேன். அரியலூரில் சிமெண்ட் லாரி ஓடாத ரோடு ஏது? ஃபேன் முழுக்கத் தூசி. சூடு வெளியேறாவிட்டால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிரஷ்ஷால் சுத்தம் செய்ததிலேயே வித்தியாசம் தெரிந்தது. பிறகு ராமை 4 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டேன். பழைய கம்ப்யூட்டருக்குச் செலவு செய்வதென்றால் முதல் செலவு எஸ்எஸ்டியாகவே இருக்கட்டும்.

அதில் இலவசமான லினக்ஸ் மின்ட் இன்ஸ்டால் செய்தேன். பிரவுசர், மெயில், கடிதம் டைப் செய்ய எல்லாம் அதில் உண்டு. அப்டேட்டும் ஒழுங்காக வரும். டேலிக்கு விண்டோஸ் வேண்டுமே என்றார் சித்தப்பா. அதற்குக் கடையில் உள்ள வேறொரு பழைய கம்ப்யூட்டரை ஒதுக்கி, இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டோம்.

ஆதரவு உள்ள விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஸ்டார்ட்-அப் பகுதியில் வேண்டாத புரோகிராம்களை டிஸேபிள் செய்யுங்கள். ஆண்டி வைரஸை மட்டும் தொடாதீர்கள். ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவை ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள்.

இத்தனைக்கும் மீறிப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் திருடனுக்கு லாபம்.

கிளம்பும்போது சித்தப்பா கேட்டார்: "இதுக்கு இனிமே ஃபார்மேட்டே வேண்டாமா தம்பி?" வேண்டாம் சித்தப்பா. வருஷத்துக்கு இரண்டு முறை தூசி தட்டுங்கள், அப்டேட் கேட்டால் சரி என்று சொல்லுங்கள். அது போதும்.