சாட்சியன்று, அமானிதம்

குடியரசு நாள் வந்துவிட்டால் நம் மேடைகளில் இரண்டு பெயர்கள் தவறாமல் ஒலிக்கும். ஒன்று பிரிகேடியர் முஹம்மது உஸ்மான். மற்றொன்று ஹவில்தார் அப்துல் ஹமீது. பேச்சாளர் குரலை உயர்த்துவார், கூட்டம் கைதட்டும். “இதோ, எங்கள் நாட்டுப்பற்றுக்குச் சான்று!” என்ற முழக்கத்தோடு பேச்சு நிறைவுறும். இம்முழக்கம் தவறானது என்று சொல்லவே இக்கட்டுரை. போர்க்களத்தில் உயிர் நீத்தவருக்கு அரசு சூட்டும் விருது, அவர் பிறந்த சமுதாயத்துக்கு வழங்கப்படும் நன்னடத்தைச் சான்றிதழ் அன்று.

முதலில், நாம் யாரைச் சான்றாக நிறுத்துகிறோம் என்பதையேனும் அறிந்திருக்கிறோமா? உஸ்மான் 1912-இல் ஆஸம்கர் மாவட்டத்தில் பிறந்தவர். பலூச் படைப்பிரிவின் அதிகாரி. 1947-இல் நாடு பிரிந்தபோது அப்படைப்பிரிவு பாகிஸ்தானுக்குப் போயிற்று, அவர் போகவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஜம்முப் பகுதியின் ஜங்கர் கைவிட்டுப் போனபோது, அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1948 மார்ச்சில் ஜங்கர் மீண்டது. ஜூலை 3-ஆம் நாள் அங்கேயே பீரங்கிக் குண்டுக்கு இரையானார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது நிரம்பவில்லை. தில்லியில் நடந்த இறுதிச் சடங்கில் பிரதமர் நேருவே கலந்துகொண்டார். இறந்தபின் மகாவீர் சக்கரம் வழங்கப்பெற்ற அவர், ஜாமிஆ மில்லியாவை அடுத்த கபுருஸ்தானில் துயில்கிறார்.

அப்துல் ஹமீது காஜிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூரில் ஒரு தையற்காரரின் மகனாய்ப் பிறந்தவர். 1965 செப்டம்பர் 10 அன்று, பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், ஜீப் வண்டியில் பொருத்திய பீரங்கியொன்றைக் கொண்டு டாங்கிகளை எதிர்த்து நின்று மாண்டார். வயது முப்பத்திரண்டு. பரம்வீர் சக்கரத்தை 1966 குடியரசு நாளன்று இராதாகிருஷ்ணனின் கையிலிருந்து பெற்றுக்கொண்டவர் அவர் மனைவி ரசூலன் பீவி. 2019 ஆகஸ்டில் கண் மூடும்வரை, ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அந்த அம்மையார் அப்பதக்கத்தோடு வாழ்ந்தார். வீழ்த்திய டாங்கிகளின் எண்ணிக்கையை மேடைக்கு மேடை கூட்டிச் சொல்லும் நம் பேச்சாளர்களுள், அந்த அம்மையாரின் பெயர் அறிந்தவர் எத்தனை பேர்?

இந்திய அரசு இதுவரை பரம்வீர் சக்கரம் வழங்கியது 21 பேருக்கு. அவர்களுள் 14 பேருக்கு அது இறந்தபின் கிட்டியது. மேஜர் இராமசாமி பரமேசுவரனும் அவர்களுள் ஒருவர்; 1987 நவம்பரில் இலங்கையில் களப்பலியானவர். அவர் பதக்கத்தைக் காட்டி, “தமிழரும் நாட்டுப்பற்று உடையோரே” என்று எவரேனும் மேடையேறி வாதிட்டதுண்டா? இல்லை. வாதிட வேண்டிய தேவை எவருக்கும் தோன்றவில்லை. அவர் வீரர்; அத்துடன் பேச்சு முடிந்தது. அதே மரியாதையை உஸ்மானுக்கும் ஹமீதுக்கும் மறுப்பவர்கள் முதலில் நாமேயல்லவா? அவர்களை வீரர் வரிசையிலிருந்து பிரித்தெடுத்து, சாட்சிக் கூண்டில் ஏற்றி நிறுத்துகிறோம்.

“பழி சுமத்துவோருக்கு விடை சொல்ல வேண்டாவா?” என்று கேட்பார் உளர். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விடைக்குள் பதுங்கியிருக்கும் கேட்டைக் கவனியுங்கள். ஒருவரின் வீரத்தை அனைவர் கணக்கிலும் வரவு வைத்தால், நாளை ஒருவரின் குற்றத்தையும் அனைவர் கணக்கிலும் பற்று எழுத நாமே ஏடு திறந்து கொடுத்தவர் ஆகிறோம். ஒவ்வோர் ஆன்மாவின் கணக்கும் தனித்தனி என்பது நம் மார்க்கத்தின் பாலபாடம். குடியுரிமையோ அரசியல் சட்டம் தந்தது. எவருடைய ஜனாஸாவையும் ஈடு வைத்து நாம் வாங்கியதன்று. சந்தேகிக்கவே துணிந்தவனுக்கு இரண்டு பதக்கங்கள் போதா. இருநூறு காட்டினாலும் இன்னொன்று கேட்பான்.

அப்படியானால் விருது என்பது யாது? அது அரசு தன் கைப்பட எழுதிக் கொடுத்த கடன் சீட்டு. மாண்டவர் நாட்டிடம் ஒப்படைத்துச் சென்ற பெயர், குடும்பம், கபுறு ஆகிய மூன்றும் அமானிதம். துப்பாக்கி முழங்கி மரியாதை செய்வதும், கொடி போர்த்துவதும் ஒரு நாள் வேலை. அமானிதத்தைக் காப்பதோ தலைமுறைகளின் வேலை. அந்த வேலை எவ்வாறு நடந்தது? அந்நிய ஆட்சி தனக்காக மாண்ட பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களை இந்தியா கேட்டில் பொறித்து 1931-இலேயே திறந்துவிட்டது. சுதந்திர இந்தியாவுக்காக மாண்டோரின் பெயர்களைத் தாங்கும் தேசியப் போர் நினைவிடம் அதன் அருகிலேயே எழுந்து திறக்கப்பட்டதோ 2019 பிப்ரவரியில்! உஸ்மானின் கல்லறை சிதைந்து கிடந்தது 2020 டிசம்பரில் வெளியுலகுக்குத் தெரிந்தது; அதன் பின்னரே இராணுவம் அதைச் செப்பனிட்டது. 2025-இல் தாமுப்பூர்ப் பள்ளியின் வாயிலிலிருந்து ஹமீதின் பெயர் நீங்கியது. குடும்பத்தார் முறையிட்ட பிறகே திரும்பி வந்தது. கடன் வாங்கியவன் சீட்டை மறக்கலாம். கொடுத்தவன் பக்கத்தில் நிற்கிற நாம், அதை நினைவூட்டாமல், அதே சீட்டை நம் நல்லொழுக்கத்துக்கு அத்தாட்சியாக நீட்டிக்கொண்டிருப்பது என்ன பேதைமை!

ஆகவே, நம் பிள்ளைகளுக்கு உஸ்மானின் கதையைச் சொல்லுங்கள். ஹமீதின் கதையைச் சொல்லுங்கள். பரமேசுவரனின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். எவரிடமும் எதையும் நிரூபிப்பதற்காக அன்று. அவை சொல்லத்தக்க கதைகள் என்பதற்காக. மேடைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை வேறு வழியில் செலவிடுங்கள். உங்கள் ஊரில் படைவீரர் ஒருவரின் விதவை இருக்கிறாரா, அவருக்குரிய ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறதா, பிள்ளைகளின் படிப்புக்கு உரிய உதவி கிட்டுகிறதா என்று ஜமாஅத் விசாரிக்கட்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கட்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்வரை கூடச் செல்லட்டும். அந்த விதவை எந்த மதத்தவர் என்று கேட்க வேண்டா. ஜங்கரில் விழுந்த குண்டும் அதைக் கேட்கவில்லை.