காதுகுத்து போட்டோவும் பையரின் டிசைனும்... ஒரே போனில் இருந்தால்?

“வேலையை விட்டு நிக்கறேன்னு சொன்ன அன்னைக்கே போனை வாங்கிட்டாங்க தம்பி. ‘ஆபீஸ் விஷயமெல்லாம் இதுலதான இருக்குது’ன்னு என் கண்ணு முன்னாடியே ரீசெட் போட்டுட்டாங்க. பாப்பாவோட காதுகுத்து போட்டோ அத்தனையும் போச்சுங்க.”

அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்த அக்கா சொன்னது இது. போன் அவர் தவணையில் வாங்கிய சொந்த போன். பேக்கப் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்டேன். “கூகுள்ல சும்மா குடுக்கற 15 ஜிபி எப்பவோ ரொம்பிருச்சு. எல்லாம் சாம்பிள் போட்டோ, லேப் டிப் போட்டோதான்” என்றார். ஆக, ஆபீஸ் போட்டோ இடத்தை அடைத்துக்கொண்டதால் வீட்டு போட்டோ போய்விட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மெர்ச்சண்டைசர் என்பவர் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்பவர். சாம்பிள் அப்ரூவல், டையிங்கில் கலர் வந்துவிட்டதா, பிரிண்டிங் எப்போது முடியும், பவர் டேபிளில் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்று எல்லாமே அவர் வாட்ஸ்அப்பில்தான் ஓடும். அடுத்த சீசன் டிசைன் முழுக்க அவர் கேலரியில் இருக்கும். அது கடைக்கு வருவதற்கு முன்பே வெளியில் கசிந்தால் ஆர்டரே கைவிட்டுப் போகலாம். எனவே, முதலாளியின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையாண்ட வழிதான் தப்பு. அடுத்தவர் போனை மொத்தமாக அழிப்பது பாதுகாப்பு ஆகாது.

அனுப்பர்பாளையம் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். அதனால் டிபன் கேரியரையே உதாரணமாகச் சொல்கிறேன். ஒரு அடுக்கில் ரசம், இன்னொன்றில் தயிர்சாதம். ரசத்தைக் கொட்டினால் தயிர்சாதத்துக்கு ஒன்றும் ஆகாது. 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதலே போனுக்குள் இப்படி ஓர் அடுக்கு உண்டு. பெயர், ‘வொர்க் புரொஃபைல்’. அலுவலக ஆப்கள் சின்னப் பெட்டி அடையாளத்தோடு தனியாக நிற்கும். சொந்த போனில் இதைப் போட்டால், உங்கள் போட்டோக்களையும் சொந்த மெசேஜ்களையும் கம்பெனி பார்க்க முடியாது. வேலையை விட்டால் அந்த அடுக்கை மட்டும் அழிப்பார்கள். கம்பெனியே வாங்கித்தரும் போனுக்கு இது பொருந்தாது. அதில் அவர்கள் கட்டுப்பாடு அதிகம். அந்த போனில் குழந்தை போட்டோவை வைக்காமல் இருப்பதே நல்லது.

இதையெல்லாம் நிர்வகிக்க கம்பெனிக்கு ஒரு மென்பொருள் வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் இன்ட்யூன் இருக்கிறது. நம்மூர் சோஹோவின் மேனேஜ்என்ஜினும் இருக்கிறது. அலுவலக மெயிலுக்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருந்தால், போனிலிருந்து அந்தக் கணக்கை மட்டும் நீக்கும் வசதி அதிலேயே உண்டு.

ஆனால், திருப்பூரின் நிஜமான சிக்கல் வாட்ஸ்அப். சொந்த நம்பரில் ஆர்டர் பேசிவிட்டு, வேலையை விடும்போது குரூப்பிலிருந்து நீக்கினால் மட்டும் போதுமா? பழைய போட்டோக்கள் போனிலேயேதான் இருக்கும். கம்பெனி பெயரில் ஒரு சிம் வாங்கி, வொர்க் புரொஃபைலுக்குள் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொடுங்கள். ஆள் மாறினாலும் நம்பர் கம்பெனியிடமே இருக்கும். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் பின் நம்பரும், ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலும் யார் பொறுப்பு என்று அப்போதே பேசிவிடுங்கள். திரையை இன்னொரு போனில் படமெடுப்பவரை எந்த மென்பொருளும் தடுக்காது என்பது வேறு விஷயம்!

போன் தொலைந்தால்? கூகுளின் ‘ஃபைண்ட் ஹப்’ வழியாக லாக் செய்து, சிம்மை முடக்கி, உடனே ஆபீஸுக்குச் சொல்லுங்கள். ‘திட்டுவாங்களே’ என்று மறைத்தால், அதற்குள் ஓடிபி யார் கைக்குப் போகுமோ! போலீஸில் புகார் கொடுத்த பிறகு, ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்தால் போனையே பிளாக் செய்யலாம். *#06# அழுத்தினால் அந்த எண் வரும். போன் கையில் இருக்கும்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் 1930-க்கு அழையுங்கள்.

இன்னொன்று. ‘பர்ச்சேஸ் ஆர்டர்’ என்ற பெயரில் வரும் ஃபைலின் முடிவில் ‘.ஏபிகே’ என்று இருந்தால் தொடாதீர்கள். அது ஆர்டர் அல்ல, ஆப். எந்த பையரும் ஆர்டரை அப்படி அனுப்ப மாட்டார்.

அந்த அக்கா இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். சேர்ந்த அன்றே தனி சிம் கேட்டு வாங்கிவிட்டாராம். காதுகுத்து போட்டோ? “மாமன் மடியில உக்காந்திருக்கற ஒண்ணு மட்டும் கெடச்சுதுங்க. எங்க அண்ணி ஸ்டேட்டஸ் வெக்கறதுக்காக எடுத்து வெச்சிருந்தாங்க.”