குளிர் கேட்கும் செர்ரி



மயிலாப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், பத்தாம் வகுப்பு மாணவன், சேர்த்து வைத்த பணத்தில் ஒரு குட்டைச் செர்ரிக் கன்று வாங்கி மொட்டைமாடித் தொட்டியில் நட்டான். கூட வந்த அட்டையில் 'மைனஸ் 40 டிகிரி குளிரையும் தாங்கும்' என்று அச்சிட்டிருந்தது. (செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டாம், அந்த இடத்தில் இரண்டும் ஒன்றே!) "அவ்வளவு குளிரில் பிழைக்கும் செடி இங்கே பிழைக்காதா, சார்?" என்றான்.

அட்டையில் பொய் இல்லை. கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம், புளிப்புச் செர்ரியையும் புல்வெளிப் புதர்ச் செர்ரியையும் கலந்து பிறந்த 'கார்மைன் ஜுவல்' என்னும் குட்டை வகையை 1999-இல் வெளியிட்டது. கடுங்குளிரிலும் அது சாகாது. ஆனால் அதற்குக் குளிர் வேண்டவும் வேண்டும். அட்டை சொல்லாமல் விட்டது இதைத்தான்.

செர்ரி, குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் மரம். நடுவே நாலு நாள் வெயிலடித்தால் ஏமாந்து பூத்துவிடக் கூடாது. பின்னால் வரும் உறைபனி பூவைக் கருக்கிவிடும் அல்லவா? ஆகவே மொட்டு, தான் பட்ட குளிரைக் கணக்கு வைத்துக்கொள்கிறது. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரம், பல வகைகளுக்கு ஏறத்தாழ 1000 மணி நேரம், கழிந்த பிறகே ஒழுங்காக விழிக்கும். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையோ 13.9 டிகிரி, அதுவும் 1895-லும் 1905-லும்! அடையாற்றில் நட்டாலும் தியாகராய நகரில் நட்டாலும் அந்தக் கணக்கில் ஒரு மணி கூட ஏறாது.

"ஃபிரிட்ஜில் வைத்தால்?" பையன் விடவில்லை. நல்ல கேள்வி. 1000 மணி என்றால் 42 நாள், வருஷா வருஷம்! அம்மா சம்மதித்தால் ஒரு சோதனையாகச் செய்து பார்க்கலாம். மரம் வளர்க்கும் வழி அதுவல்ல.

வேறு வழி உண்டு. இமாச்சலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்ட விவசாயி ஹரிமன் சர்மா, அதிகக் குளிர் கேட்காத ஓர் ஆப்பிள் கன்றைக் கவனித்து, அதிலிருந்து எச்.ஆர்.எம்.என்-99 வகையை உருவாக்கினார். 2025-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஊரைக் குளிர்விக்க முனையாமல், ஊருக்கேற்ற மரத்தைத் தேடியவர் அவர்.

கன்று விற்போர் 'எவ்வளவு தாங்கும்' என்பதோடு 'எவ்வளவு கேட்கும்' என்பதையும் அச்சிட வேண்டும் என்பது என் கட்சி. தொட்டிதான் இடம் என்றால் பார்படாஸ் செர்ரி வையுங்கள். மண் இருந்தால் தேன்பழ மரம். 'சிங்கப்பூர் செர்ரி' என்று பறித்துத் தின்பீர்களே, அதுதான். இரண்டும் செர்ரிக்கு உறவே அல்ல, குளிரும் கேட்பதில்லை.

பையன் கனடாக் கன்றைப் பிடுங்கவில்லை. தினமும் செய்தித்தாளைப் பார்த்துக் குறைந்தபட்ச வெப்பநிலையை நோட்டில் குறித்து வருகிறான். ஜனவரி முடிவில் காட்டினான்: அதில் மிகச் சிறிய எண் 19.