தூக்க மாத்திரையை இரவல் வாங்காதீர்!

பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார், நன்றாகத் தூக்கம் வந்தது என்று மாத்திரை விழுங்குகிறவர்கள் உங்கள் வீட்டில் உண்டா? இருந்தால் இதை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நம் மூளையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கின்றன. அடக்குவதற்கு ஆளில்லாவிட்டால் வலிப்புதான் வரும். அடக்கும் வேலையில் பெரும்பங்கு 'காபா' என்னும் இரசாயனத்துடையது. இது மூளையில் இருப்பது 1950-ஆம் ஆண்டில் தெரியவந்தது. நரம்பணுவில் இதற்கென்றே கதவுகள் உண்டு. காபா தொட்டதும் கதவு திறக்கும், குளோரைடு உள்ளே புகும், அணு அடங்கும்.

முற்காலத்துத் தூக்க மருந்துகளான பார்பிடியூரேட்டுகள், அளவு மிஞ்சினால் காபா இல்லாமலேயே இக்கதவைத் திறந்துவிடும். மூச்சும் அடங்கிவிடும். நடிகை மர்லின் மன்றோ 1962-இல் மாண்டது இவ்வகை மருந்தின் நஞ்சினால்தான் என்று பிரேத பரிசோதனையில் தெரிந்தது.

இதற்கு மாற்று கிடைத்த கதை சுவையானது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ரோஷ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் லியோ ஸ்டெர்ன்பாக். அவர் தயாரித்து ஒதுக்கி வைத்திருந்த ஒரு பொருள், 1957-இல் மேசையைச் சுத்தம் செய்தபோது கண்ணில் பட்டது. சோதித்துப் பார்த்தால், பிராணிகளின் முரட்டுத்தனம் தணிந்தது! அதுவே 1960-இல் லிப்ரியம் என்று விற்பனைக்கு வந்தது. 1963-இல் வேலியம் தொடர்ந்தது. இவை மூளையில் சென்று ஒட்டும் இடம் 1977-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இவை தாமாகக் கதவைத் திறப்பதில்லை. காபா வரும்போது அதற்குக் கைகொடுக்கின்றன. ஆகவே பழைய மருந்தைவிட ஆபத்து குறைவு.

குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. மதுவோடோ, அபின் வகை வலி மருந்தோடோ சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம். முதியவர்கள் தடுமாறி விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளலாம். நாள்பட உண்டால் மூளை அதற்குப் பழகிப்போகும். இந்த அடிமைத்தனத்தை மாத்திரைப் பெட்டியோடு வரும் குறிப்பில் கட்டமிட்டு எச்சரிக்க வேண்டுமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-இல் உத்தரவிட்டது.

இதே கதவின் வேறொரு பகுதியைக் குறிவைத்தும் மருந்துகள் வந்துள்ளன. பிள்ளை பெற்ற தாய்மாரை வாட்டும் மனச்சோர்வுக்கு 14 நாள் மட்டும் உண்ணும் மாத்திரை ஒன்று 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இனி முக்கியமான செய்தி. இதைப் படித்துப் பயந்து, பல மாதமாக உண்டுவரும் மாத்திரையை இன்றிரவே குப்பையில் வீசிவிடாதீர்கள்! சட்டென்று நிறுத்தினால் நடுக்கம் வரும்; வலிப்பும் வரலாம். டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பார். மாத்திரை உண்டு வருவதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை, மறைப்பதுதான் கெடுதல்.

அக்காவின் மாத்திரை அக்காவுக்கே இருக்கட்டும்.