ஏட்டுச் சுரைக்காயும் ஒரு டார்ஜிலிங் பொண்ணும்

வெளிநாடு போன நம்ம நாட்டுப் பொண்ணு ஒரு கம்பெனி ஆரம்பிச்சா, "எத்தனை கோடி?"ன்னுதான் முதல்ல கேக்குறோம். சுச்சி சாரியா பத்தி நர்சிங் படிக்கிற என் மகள் சொன்னப்போ நானும் அதைத்தான் கேட்டேன். முழுசா கேட்டப்புறம் வெட்கமாப் போச்சு.

டார்ஜிலிங்கில் வளர்ந்தவர். அமெரிக்கா போய்ப் படிச்சு, ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம் வாங்கி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். நோயாளிக்கு செப்சிஸ் முத்துறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் எச்சரிக்க முடியும்னு 2015-லேயே அவரும் கூட வேலை பார்த்தவங்களும் கட்டுரை எழுதிட்டாங்க.

செப்சிஸ்னா நாம "செப்டிக் ஆயிடுச்சு"ன்னு சொல்றோமே, அதுதான். கிருமியை எதிர்க்கிற வேகத்துல உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கும். 2017-ல் மட்டும் உலகத்துல சுமார் 1 கோடியே 10 லட்சம் சாவுல இதுக்குப் பங்கு இருந்ததா கணக்கு சொல்றாங்க.

கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கும்? மாடு வளர்க்கிறவனுக்கு இது புரியும். மாடு அசை போடலை, காது சில்லுனு இருக்கு, தண்ணி குடிக்கலை. தனித்தனியாப் பார்த்தா ஒண்ணும் பெருசில்லை. மூணும் ஒண்ணா வந்தா அன்னிக்கே வைத்தியரைக் கூப்பிட்டுடுவோம். அதே மாதிரி காய்ச்சல், நாடி, மூச்சு, பிரஷர், ரத்தப் பரிசோதனை எல்லாத்தையும் அது சேர்த்துப் பார்க்குது.

கட்டுரை வந்து ரெண்டு வருஷம் கழிச்சு, 2017-ல், சுச்சிக்குப் பிள்ளை முறையான ஒருத்தர் அதே செப்சிஸில் இறந்துபோனார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவலை. அந்த அறிவைக் கட்டிலுக்குப் பக்கத்துல கொண்டு வரணும்னுதான் 'பேயீசியன் ஹெல்த்' கம்பெனி. 2022-ல் ஆய்வு முடிவு வந்தது. 5 ஆஸ்பத்திரி, 5 லட்சத்து 90 ஆயிரம் பேர். எச்சரிக்கை வந்து 3 மணி நேரத்துக்குள்ள மருத்துவர் கவனிச்சவங்கள்ல, தாமதமானவங்களைவிட சாவு 18.7 சதவீதம் குறைவு.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க பெரியப்பா மகன் ஞாபகம் வந்தது. வரப்பு வெட்டும்போது மண்வெட்டி கால்ல பட்டுச்சு. மஞ்சள் வச்சுக் கட்டிட்டு மறுநாளும் சேத்துல இறங்கினார். மூணாம் நாள் குளிர் காய்ச்சல், மூச்சு வாங்கல், பிதற்றல். ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல், நாடி, பிரஷர் எல்லாம் ராத்திரி பூரா தாள்ல எழுதினாங்க. அதை ஒண்ணா சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. அந்த நர்சம்மாவைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஒத்தை ஆளா வார்டு முழுக்க ஓடிட்டு இருந்தாங்க. விடியறதுக்குள்ள அண்ணன் போயிட்டார்.

அதனால என் கருத்து இதுதான். அந்த மாதிரி மிஷின் நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கும் வரட்டும், வரணும். ஆனா மணி அடிச்சா ஓடி வர ஆள் வேணும். அந்த 3 மணி நேரக் கணக்கே அதைத்தான் சொல்லுது. காலி இடத்துக்கு நர்ஸ் போடாம மிஷின் மட்டும் வாங்கினா, காவலாளே இல்லாத தோட்டத்துல நாய் குரைச்ச கதைதான்.

அதுவரைக்கும் நகரத்துல இருக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்குப் புண்ணோட காய்ச்சல், வேகமான மூச்சு, பேச்சுல தடுமாற்றம்னு தெரிஞ்சா, "நாளைக்குப் பார்க்கலாம்"னு போனை வைக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, "இது செப்சிஸா இருக்குமா?"ன்னு கேக்கச் சொல்லுங்க. அன்னிக்கு எங்களுக்குக் கேக்கத் தெரியலை.