உறுதியில் எழுதப்படாத ஊர்

காணி விடுவிப்பு என்றாலே ஏக்கர் கணக்கில் பேசப் பழகிவிட்டோம். அந்தக் கணக்கு அவசியமானதுதான். ஆனால் ஒருவர் ஏன் 'இதுதான் என்ர ஊர்' என்கிறார் என்பதற்கு அதில் பதில் இல்லை. வன்னியில் காணிப் போராட்டங்களைப் பற்றி எழுதப் போகும் இடங்களில், மக்கள் என்னிடம் உறுதியின் இலக்கத்தை முதலில் சொல்வதில்லை. கிணறு எங்கே இருந்தது, யார் வளவில் எத்தனை தென்னை நின்றது என்றுதான் தொடங்குகிறார்கள்.

கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்து, முழங்காவிலுக்கு அருகே இரணைமாதாநகரில் குடியேறினார்கள். 2017 மே 1ஆம் திகதி அங்கே தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். ஏறத்தாழ ஒரு வருடமாகியும் முடிவு கிடைக்காத நிலையில், 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே போய்த் தீவில் இறங்கினார்கள். இடைப்பட்ட காலம் 26 வருடங்கள். அந்தக் காலத்துக்குள் பிறந்த பிள்ளைக்கு இரணைதீவு எப்படிச் சொந்த ஊரானது?

பெற்றோர் சொன்ன கதைகள் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மீன், நண்டு, கடலட்டை என்று அந்தக் குடும்பங்களின் சீவியம் தீவைச் சுற்றிய கடலோடு பிணைந்தது. மாதா கோவிலும் முன்னோரின் சேமக்காலையும் அங்கேதான் இருக்கின்றன. தொழிலும் வழிபாடும் இறந்தவர்களும் ஒரே இடத்தைக் காட்டும்போது, அந்த ஊர் அடுத்த தலைமுறைக்கும் கைமாறுகிறது. 2021 மார்ச்சில் கொரோனாவால் இறந்தவர்களை இரணைதீவில் அடக்கம் செய்ய அரசு தீர்மானித்தபோது, அந்த மக்கள் மீண்டும் வீதிக்கு வந்தார்கள். தங்கள் ஊரைப் பற்றித் தங்களைக் கேட்காமலே முடிவெடுக்கப்பட்டதுதான் அவர்களைச் சுட்டது.

முல்லைத்தீவின் கேப்பாப்புலவு இதையே வேறுவிதமாகக் காட்டுகிறது. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது, அந்த மக்கள் சொந்தக் காணிக்குப் பதிலாக 'மாதிரிக் கிராமத்தில்' இறக்கப்பட்டார்கள். மாதிரி என்ற சொல்லே பிழையை ஒப்புக்கொள்கிறது. 2017 ஜனவரி 31ஆம் திகதி பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் முன் அமர்ந்தார்கள். மார்ச் 1ஆம் திகதி அவர்களின் காணிகள் விடுபட்டன. அன்றே கேப்பாப்புலவின் ஏனைய மக்கள் தங்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த டிசெம்பர் 28ஆம் திகதி 133 ஏக்கர் விடுவிக்கப்பட்டது; முழுவதும் அல்ல. மாற்று வீடு ஊருக்கு ஈடாகும் என்ற அரசின் வாதத்தை அந்தக் கொட்டகைகள் உடைத்துவிட்டன.

ஊர் என்பது பரம்பரைச் சொத்து மட்டுமா? இல்லை. 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்த மக்கள் வன்னியில் காடு வெட்டி, கிணறு தோண்டி, தோட்டம் செய்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வன்னிதான் ஊர். ஆனாலும் பல குடும்பங்களின் கையில் இன்றும் உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லை. படையினரிடம் காணியைக் கேட்கும் நாம், நமக்குள் இருக்கும் இந்த அநீதியையும் பேச வேண்டும்.

முட்கம்பி வேலிக்குச் சாதகமாக இருப்பது காலம். 2009இல் முகாமில் பிறந்த பிள்ளை வளர்ந்துவிட்டது. உழைத்துப் பழகாத நிலம் அதற்கு வெறும் பெயராக மாறலாம். அதனால் தாமதிக்கப்படும் ஒவ்வொரு வருடமும் பறிப்பின் தொடர்ச்சியே. விடுவிக்கப்படும் காணியோடு குடிநீர், வீதி, பாடசாலை, இறங்குதுறை ஆகியவையும் சேர்ந்து வரவேண்டும். அங்கே இருந்து உழைத்துச் சீவிக்க முடிந்தால்தான் பிள்ளைகளும் அதை ஊர் என்பார்கள்.